ஏரியும் கோயிலும் எழுத்தும்: காஞ்சிபுர வட்டாரத்தின் வரலாற்றுச் சின்னங்கள்

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றுக்கு வடக்கே, வேகவதியாற்றின் கரையில் அமைந்த காஞ்சிபுரம், கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் பெயர் பெற்றது. இவ்விரு பெயர்களும் பொருத்தமானவையே. ஆயினும் நகரத்துக் கோபுரங்களையும் நெசவுத் தெருக்களையும் மட்டும் கண்டு திரும்புவோருக்கு, அவை எத்தகைய நாட்டுப்புறத்தின் உழைப்பாலும் ஒழுங்காலும் நிலைபெற்றன என்பது புலப்படுவதில்லை. நகரைச் சுற்றிலும் உள்ள கூரம், மாமண்டூர், உத்திரமேரூர், திருமுக்கூடல், ஐயங்கார்குளம், புள்ளலூர் முதலிய ஊர்களில் குடைவரைகளும் கற்றளிகளும் ஏரிகளும் கிணறுகளும் போர் நினைவுத் தூண்களும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை அரசர்களின் பெருமைக்குச் சான்றாக மட்டும் கொள்வது பழகிப்போன பார்வை. ஆனால் இவற்றின் சுவர்களிலும் இவற்றுக்காக வெட்டப்பட்ட செப்பேடுகளிலும் உள்ள எழுத்துகளை ஊன்றிப் படிக்கும்போது, நீரை யார் காத்தார், கணக்கை யார் எழுதினார், நோயுற்றவரை யார் பேணினார், படிப்போருக்கு உணவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கே அவை மிகுதியாக விடை தருகின்றன. பொதுக் கடமைகளைக் கல்லில் எழுதி வைத்த ஒரு வட்டாரம் என்பதே காஞ்சிப் பகுதியின் தனிச்சிறப்பு.

பழைய தலைநகர்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பதஞ்சலியின் இலக்கண உரையிலேயே காஞ்சியின் பெயர் காணப்படுகிறது. தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட நகராகப் பெரும்பாணாற்றுப்படை இதனைப் பாடுகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து படையெடுத்து வந்த சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டு, அவன் எதிர்கொண்ட தென்னாட்டு அரசர்களுள் காஞ்சியின் விஷ்ணுகோபனையும் குறிப்பிடுகிறது. கடம்பர் குலத்தைத் தோற்றுவித்த மயூரசர்மன், வேதக் கல்வியை நிறைவு செய்யக் காஞ்சியின் கடிகைக்கு வந்ததைக் கர்நாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. கடிகை என்பது கற்றோர் கூடிப் பயிலவும் பயிற்றுவிக்கவும் அமைந்த உயர்கல்வி நிலையம் ஆகும். கி.பி. 640 அளவில் இப்பகுதியைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கணக்கான பௌத்த மடங்களையும் அவற்றில் வாழ்ந்த பெருந்தொகையான துறவிகளையும் சமணர்களின் மிகுதியையும் குறிப்பதோடு, நாளந்தாவில் புகழ்பெற்ற பேராசிரியர் தர்மபாலர் பிறந்த ஊராகவும் காஞ்சியைச் சுட்டுகிறார்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை மண்டலம், மரபுப்படி 24 கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கோட்டம் என்பது பல நாடுகளை உள்ளடக்கிய ஆட்சிப் பிரிவு. நாடு என்பது பல ஊர்களின் தொகுதி. காஞ்சி எயிற்கோட்டத்திலும் உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்திலும் அடங்கின. காவிரி பாயும் சோழ நாட்டைப் போல ஆண்டின் பெரும்பகுதி நீர் ஓடும் ஆறு இம்மண்டலத்துக்கு இல்லை. மழைக்காலத்தில் சில நாட்களே பெருகிப் பின் மணலாகக் கிடக்கும் பாலாற்றின் நீரைக் கால்வாய் வழியே திருப்பி ஏரியில் தேக்கினால்தான் நெல் விளையும். எனவே, தொண்டை மண்டலத்தில் ஏரி வெட்டுவதும், வெட்டிய ஏரியைத் தூர்ந்துபோகாமல் காப்பதும் ஆட்சியின் முதற்கடமைகளாயின. இவ்வட்டாரத்துக் கோயில் கல்வெட்டுகளில் ஏரி என்ற சொல் ஓயாமல் வருவதற்கு இந்த நில அமைப்பே காரணம்.

குடைவரையிலிருந்து கற்றளிக்கு

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றைக் கடந்து சென்றால், இன்றைய திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள் மாமண்டூர்க் குன்று இருக்கிறது. குன்றின் ஒரு புறத்தில் நான்கு குடைவரைகள் வெட்டப்பட்டுள்ளன. குடைவரை என்பது தனித்தனிக் கற்களை அடுக்கிக் கட்டாமல், பாறையையே உள்நோக்கிக் குடைந்து தூண்களும் கருவறையும் அமைத்த கோயில். இவற்றுள் ஒன்றின் சுவரில் சிதைந்த நிலையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தது. அதில் மத்தவிலாசம் என்ற அங்கத நாடகத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. கபாலிகனும் பௌத்தத் துறவியும் பாசுபதனும் காஞ்சித் தெருவில் வழக்காடும் அந்நாடகம், ஏழாம் நூற்றாண்டில் அந்நகரில் பல சமயத்தார் அடுத்தடுத்து வாழ்ந்ததைக் காட்டுவது. அதே குன்றில் அதைவிடப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. குன்றை ஒட்டி விரியும் மாமண்டூர் ஏரி, கல்வெட்டுகளில் சித்திரமேகத் தடாகம் என்று வழங்கப்பட்டுப் பல்லவர் காலத் தொன்மை உடையதாகக் கருதப்படுகிறது. பாறையில் கோயிலும் அதன் அடியில் ஏரியுமாக அமைந்த இந்த இணைப்பு, வட்டாரத்தின் பிற சின்னங்களிலும் தொடர்ந்து காணக்கூடியது.

அதனை மிகத் தெளிவாக எடுத்துரைப்பது காஞ்சிக்கு வடக்கே உள்ள கூரம் என்ற சிற்றூரில் கிடைத்த செப்பேடு. சாளுக்கியரைப் பெருவளநல்லூரில் வென்ற முதலாம் பரமேசுவரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரில் வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயில் எழுந்தபோது அதற்கு அளித்த கொடைகளை இச்செப்பேடு விவரிக்கிறது. பின்புறம் யானையின் முதுகைப் போல் வளைந்த தூங்கானை மாட அமைப்பில் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய இக்கோயில் இன்று பெரிதும் சிதைந்துவிட்டது. ஆயினும் பல்லவர் எழுப்பிய கற்றளிகளுள், அதாவது கல்லால் கட்டப்பட்ட கோயில்களுள், மிகப் பழையவற்றுள் ஒன்று என்ற மதிப்பு அதற்கு உண்டு. செப்பேட்டின்படி, பரமேசுவரமங்கலம் என்ற ஊர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்குகள் கோயில் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும், ஒரு பங்கு மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைப்பதற்கும், ஒரு பங்கு அம்மண்டபத்தில் மக்கள் கேட்கப் பாரதம் வாசிப்பதற்கும், எஞ்சிய 20 பங்குகள் நான்மறை கற்ற அந்தணர்க்கும் ஒதுக்கப்பட்டன. பரமேசுவரத் தடாகம் என்ற ஏரி வெட்டப்பட்டு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வழியே அதற்கு நீர் கொண்டுவரப்பட்டது. வழிபாடு, நூல் வாசிப்பு, நீர்ப்பாசனம் ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் ஒரே அறமாகக் கருதி எழுதிய இச்செப்பேடு, காஞ்சி வட்டாரத்துச் சின்னங்கள் அனைத்தையும் விளங்கிக்கொள்வதற்கு ஏற்ற திறவுகோல்.

பரமேசுவரவர்மனின் மகன் இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் எழுப்பிய கைலாசநாதர் கோயில், பல்லவர் கட்டடக் கலையின் உச்சம் எனலாம். அடித்தளத்துக்குக் கருங்கல்லும் மேற்பகுதிக்கு மணற்கல்லும் கொண்டு எழுந்த இக்கோயிலின் திருச்சுற்றை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் அரசனின் 200க்கும் மேற்பட்ட விருதுப் பெயர்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் பொறிக்கப்பட்டுள்ளன. முன்பகுதியில் உள்ள சிறு கோயில்களுள் ஒன்று அரசி ரங்கபதாகையால் எழுப்பப்பட்டதை அதன் கல்வெட்டு சொல்கிறது. இராசசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எழுப்பிய கோயிலும் அங்கேயே உள்ளது. இவ்வளாகத்தில் வரலாற்று நோக்கில் மிகவும் வியக்கத்தக்கது, பகையரசன் ஒருவனின் கல்வெட்டு. ஏறத்தாழ கி.பி. 740இல் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டபின் அதனைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததை, முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் எழுதச் செய்தான். அவனுடைய அரசி லோகமாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயில், காஞ்சிக் கோயிலின் சாயலைத் தெளிவாகக் கொண்டிருக்கிறது. தோற்ற நகரின் கலை, வென்றவரின் நாட்டில் சென்று வேரூன்றியதற்கு இவ்விரு கோயில்களும் சேர்ந்து சான்று பகர்கின்றன. சிறு கோயில்களின் உட்சுவர்களில் மறைந்திருந்த பல்லவர் கால ஓவியங்களை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் வெளிக்கொணர்ந்தார்.

இரண்டாம் நந்திவர்மன் காலத்து வைகுந்தப் பெருமாள் கோயில், நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் திருமாலை மூன்று தளங்களில் கொண்டது. அதன் திருச்சுற்றுச் சுவர் முழுவதும் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது; சில சிற்பங்களின் அருகே விளக்க எழுத்துகளும் உள்ளன. இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தபின் அரசுக்கு உரியவர் இல்லாத நிலையில், அமைச்சர்களும் கடிகையாரும் நகரத்தாரும் பல்லவரின் கிளைக்குடியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று வேண்டியதும், அவனுடைய பன்னிரண்டு வயது மகனான நந்திவர்மன் ஆட்சிப் பொறுப்பை ஏற்க இசைந்து காஞ்சிக்கு வந்ததும் அங்கே காட்டப்பட்டுள்ளன. அரசன் ஒருவன் தன் ஆட்சியுரிமை பிறர் வந்து கேட்டதால் கிடைத்தது என்பதைத் தன் கோயிற்சுவரிலேயே செதுக்கி வைத்தது இந்திய வரலாற்றில் அரிய நிகழ்வு. இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்து தனி நூலாக எழுதிய சி. மீனாட்சி, அந்நூல் 1941இல் வெளிவருவதற்கு முன்பே மறைந்தார். பல்லவர் வரலாற்றைக் கற்போர் இன்றும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

சபையும் மருத்துவச் சாலையும்

சோழர் ஆட்சிக்குள் தொண்டை மண்டலம் வந்தபின், இவ்வட்டாரத்தின் எழுத்துச் சான்றுகள் மேலும் பெருகின. அவற்றுள் உலகப் புகழ் பெற்றவை, காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர்ச் சபை கூடிய மண்டபத்தின் அடித்தளத்திலேயே இவை வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வட்டங்களைப் போன்ற பிரிவுகளாக, வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையார் அனைவரும் காணுமாறு குலுக்கி, உள்ளிருப்பதை அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். குடவோலை என்பது இம்முறையே. இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். வாரியம் என்பது குறித்த பணியைக் கவனிக்கும் குழு. பொன்னின் தரம் காணும் பொன் வாரியமும், பஞ்சவார வாரியமும் தனியே இருந்தன. பதவிக்காலம் 360 நாட்கள்.

தகுதிகளை வகுத்த முறையே இக்கல்வெட்டின் உயிர்நாடி. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், தன் மனையில் தானே கட்டிய வீடு, 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல், வேதப் பயிற்சி ஆகியவை வேண்டப்பட்டன. வேலி என்பது பழைய நில அளவு. பிற்கால வழக்கின்படி கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதியாகும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும், முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடத்தில் ஓலை இட இடமில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய சுற்றமும் விலக்கப்பட்டது என்பதிலிருந்து, பொதுப்பணத்தை அச்சபை எவ்வளவு கண்டிப்போடு காத்தது என்பது விளங்கும். அதே வேளையில், இது அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் சபை என்பதையும், பெண்களுக்கும் உழுதொழில் செய்த பிறருக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைக்கலாகாது. இக்காலப் பொருளில் இதனை மக்களாட்சி என்று சொல்வது மிகை. ஆனால் பதவி மாறி மாறி வரவேண்டும், கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும் என்ற இரு நெறிகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விதியாக எழுதி, அனைவரும் காணும் சுவரில் நிறுத்திய பெருமை அதற்கு உண்டு. ஏரிக்கென்றே தனி வாரியம் அமைந்ததும் தற்செயல் அன்று. தந்திவர்மப் பல்லவனின் விருதுப் பெயரைத் தாங்கிய வயிரமேகத் தடாகமே அவ்வூரின் வாழ்வாதாரம். அதனைத் தூர்வாரவும் கரையைப் பேணவும் பலர் அளித்த அறக்கொடைகள் அவ்வூர்க் கல்வெட்டுகளில் இடம்பெற்றுள்ளன.

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில், மற்றொரு பொதுப்பணியின் சான்றைக் காத்து நிற்கிறது. வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 1068இல் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, கோயிலோடு இணைந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலர் சாலையையும் விவரிக்கிறது. ஆதுலர் சாலை என்பது நோயுற்றோரைத் தங்கவைத்துப் பேணும் மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், மருந்து ஆக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும், இரவில் நோயாளிகள் இருக்குமிடத்தில் விளக்கெரிக்கத் தேவையான எண்ணெயும் கூட அதில் விடுபடவில்லை. வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்களுக்கு உணவும், சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியலும் வகுக்கப்பட்டிருந்தன. மருத்துவமனை ஒன்றின் ஆண்டு வரவுசெலவைக் கோயிற்சுவரில் எழுதி வைத்ததன் பயன் எளிது: பின்வருவோர் எவரும் அந்தக் கொடையைக் குறைக்கவோ மறுக்கவோ இயலாது.

நெசவாளரும் கோயிற்கணக்கும்

காஞ்சியின் பட்டுப் புடவை பிற்காலத்தில் பெருவணிகப் பொருளாக வளர்ந்தது என்றாலும், நெசவாளர் சமூகம் நகரின் பொது வாழ்வில் கொண்டிருந்த இடம் மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. கச்சிப்பேடு என்று அக்காலத்தில் வழங்கிய காஞ்சியின் ஊரகத்துத் திருமால் கோயிலுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, உரிய வருவாயை யார் கவனிப்பது என்பதை அது வரையறுக்கிறது. நகரின் நான்கு சேரிகளில், அதாவது குடியிருப்புகளில், வாழ்ந்த பட்டசாலியர் எனப்பட்ட நெசவாளரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்குச் சில வரிகளிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. தறியில் இழை எண்ணிப் பழகியவர்கள் கோயிலின் பொன்னையும் நெல்லையும் எண்ணிக் காக்கும் நம்பிக்கைக்கும் உரியவராயினர். காஞ்சியின் இரண்டு புகழும், கோயிலும் நெசவும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரே ஆவணத்தில் பிணைந்துவிட்டன.

விஜயநகர ஆட்சிக் காலத்தில் கோயில்கள் பெரும் வாங்குவோராகவும் பொருளாதார மையங்களாகவும் விரிந்தபோது நெசவுத் தொழிலும் உடன் வளர்ந்தது. கைக்கோளர் என்று அழைக்கப்பட்ட செங்குந்தர், சாலியர், தேவாங்கர், பட்டுநூல்காரர் எனப் பல சமூகத்தார் காலந்தோறும் இத்தொழிலில் ஈடுபட்டனர். பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் இன்றும் குழித்தறிகள், அதாவது நெய்பவர் கால் மிதிகளுக்காகத் தரையில் குழி அமைத்த தறிகள், இயங்குகின்றன. கர்நாடகத்துப் பட்டுநூலும் சூரத்து ஜரிகையும் இங்கு வந்து சேர்கின்றன. சாயமேற்றப் பாலாற்று ஊற்றுநீர் உகந்தது என்ற நம்பிக்கை நெசவாளரிடையே நெடுங்காலமாக உண்டு. காஞ்சிப் பட்டின் அடையாளம் கோர்வை முறை: புடவையின் உடலும் இரு கரைகளும் வெவ்வேறு நிறத்தில் அமையுமாறு மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்து, கரையும் உடலும் சேருமிடத்தில் இழைகளைக் கோத்துப் பிணைப்பது. முந்தானையை வேறு நிறப் பாவோடு இணைக்கும் நுட்பம் பெட்னி எனப்படும். அன்னம், யாளி, மயில், கோபுரம் என நெசவில் வரும் உருவங்கள் பல, கோயில் தூண்களிலும் அடித்தளங்களிலும் காணப்படுபவையே. 2005ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்படி, இவ்வட்டாரத்தில் உரிய முறையில் நெய்யப்பட்டதே அப்பெயருக்கு உரியது.

திருப்பருத்திக்குன்றமும் ஐயங்கார்குளமும்

சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்ற பிரிவுகளோடு ஜின காஞ்சியும் ஒன்று உண்டு. வேகவதிக்கு அப்பால் உள்ள திருப்பருத்திக்குன்றமே அது. இங்குள்ள சந்திரப்பிரபர் கோயில் பல்லவர் காலத் தொன்மை உடையது. திரைலோக்கியநாதர் எனப்படும் வர்த்தமானர் கோயில் சோழர் காலத்தில் வளர்ந்தது. விஜயநகர அரசில் பணியாற்றிய சமணரான இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் விருப்பப்படி கி.பி. 1387-88இல் இங்குச் சங்கீத மண்டபத்தைக் கட்டினார். மண்டபத்தின் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியத் தொடர்களாகத் தீட்டப்பட்டுள்ளது. டி.என். இராமச்சந்திரன் 1934இல் எழுதிய ஆய்வு நூல் இக்கோயில்களை அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. பௌத்தத்தின் சுவடுகள் இந்த அளவுக்கு எஞ்சவில்லை. காமாட்சி அம்மன் கோயில் வளாகத்தில் கண்டறியப்பட்ட புத்தர் சிலை போன்ற சில சிற்பங்களே யுவான் சுவாங் கண்ட நகரை நினைவூட்டுகின்றன.

ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய தெற்குக் கோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயரால் எழுப்பப்பட்டது. அவருக்குப் பின் வந்த அச்சுதராயர் காஞ்சியில் முத்துகளால் துலாபாரம் செய்ததையும், ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் வரதராசப் பெருமாள் கோயிலுக்கும் ஊர்கள் சமமாகப் பகிரப்பட வேண்டும் என்ற தம் ஆணை மீறப்பட்டதை அறிந்து திருத்தியதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வரதராசர் கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகப் பொறுப்பு, இலட்சுமிகுமார தாதாசாரியாரிடம் இருந்தது. காஞ்சிக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலும் தாத சமுத்திரம் என்ற பெரிய குளமும் அவர் பெயரோடு இணைந்தவை. அங்கே தரைக்கு அடியில் தூண் மண்டபம் சூழ்ந்த நடவாவிக் கிணறு உள்ளது. நடவாவி என்பது படிகளில் நடந்து இறங்கிச் செல்லத்தக்க கிணறு. சித்திரா பௌர்ணமி நாளில் வரதராசப் பெருமாள் நகரிலிருந்து எழுந்தருளி, நீர் இறைக்கப்பட்ட அக்கிணற்றின் மண்டபத்துக்குள் வந்து அடியார்க்குக் காட்சி தருகிறார். நகரத்துத் தெய்வம் நாட்டுப்புறத்து நீர்நிலைக்குத் தேடிச் செல்லும் இத்திருவிழா, கூரம் செப்பேட்டில் எழுதப்பட்ட அதே உறவின் தொடர்ச்சி. வரதராசர் கோயில் குளத்துள் வைக்கப்பட்டுள்ள அத்தி வரதரின் திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கொணரப்படுவதும் நீரோடு இணைந்த வழக்கமே; 1979இலும் 2019இலும் அவ்விழா நடைபெற்றது.

போரும் மீட்பும்

வளமான நகரம் படைகளையும் ஈர்த்தது. 1688இல் முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சியின் தெய்வத் திருமேனிகள் உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வரதராசர் 1710இல் மீண்டும் திரும்பியதைக் கோயிற்கல்வெட்டு தெரிவிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் காஞ்சிக் கோயில்களின் மதில்கள் கோட்டைகளாகப் பயன்பட்டன. 1751இல் இராபர்ட் கிளைவ் ஒரு கோயிலை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். 1757இல் பிரெஞ்சுப் படை நகருக்குத் தீ வைத்தது.

நகருக்கு வடக்கே உள்ள புள்ளலூர், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் பெரும்போர்களைக் கண்ட ஊர். முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு குறிக்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட ஆங்கிலேயக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இங்கே முறியடித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது அத்தோல்வியை விரைவுபடுத்தியது. காஞ்சியில் படையோடு இருந்த சர் ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பின்னர்ப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். திப்பு இவ்வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். 1781 ஆகஸ்ட் 27இல் அதே களத்தில் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டின் படையோடு மீண்டும் போர் நிகழ்ந்தது. அதில் இறந்த இரு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுப்பிய தூண்கள் இன்றும் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன.

இப்போர்களில் கரை உடைந்த ஏரிகளுக்கும் ஊரை விட்டு ஓடிய குடிகளுக்கும் தூண் எதுவும் இல்லை. ஆனால் ஆவணம் உண்டு. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரை, அதாவது வருவாய் உரிமையுடன் அளிக்கப்பட்ட நிலப்பகுதியை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அளவை செய்தபோது, ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்கள் தொகுக்கப்பட்டன; அதற்கு அடிப்படையானவை ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகள். ஏரி வெட்டியார், கோயில், வைத்தியர், வாசிப்போர் என ஒவ்வொரு பொதுப்பணிக்கும் விளைச்சலிலும் நிலத்திலும் ஒதுக்கிய பங்குகள் அவற்றில் தெளிவாக உள்ளன. கூரத்திலும் திருமுக்கூடலிலும் காணப்பட்ட ஏற்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டு வரை பல வடிவங்களில் நீடித்தது என்பதற்கு இவை சான்று. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசு, பாழ்பட்ட ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்ததோடு, காஞ்சிக் கோயில்களின் நிர்வாகத்திலும் திருவிழாக்களிலும் அக்கறை காட்டினார். ஏரி சீரானால்தான் வரி வரும் என்ற கணக்கு அவருடையதாயினும், கோயிலையும் ஏரியையும் பிரித்து ஆளமுடியாது என்பதை அயலாரான அவரும் உணர்ந்தார்.

காக்க வேண்டியவை

கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் தொகுத்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கைலாசநாதர் கோயில் எழுத்துகளும் கூரம் செப்பேடும் இடம்பெற்றன. அதுமுதல் அறிஞர்கள் பலர் இவ்வட்டாரத்தின் எழுத்துகளைப் படியெடுத்துப் பதிப்பித்துள்ளனர். மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகள் பல சின்னங்களைப் பாதுகாத்து வருகின்றன. ஆயினும் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. பல்லவர் காலத்து ஏரி, சோழர் காலத்துக் கோபுரத்தைவிட முற்பட்டதாக இருந்தாலும், அதனை நினைவுச்சின்னமாக எவரும் எண்ணுவதில்லை. வரத்துக்கால்வாய் தூர்ந்தாலும், கரை ஆக்கிரமிக்கப்பட்டாலும், அது வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பாகக் கருதப்படுவதில்லை. வழிபாட்டில் உள்ள சிறிய ஊர்க் கோயில்களில் திருப்பணியின்போது கல்வெட்டுள்ள கற்கள் இடம் மாற்றப்படுவதும், சுண்ணாம்பும் வண்ணமும் எழுத்தை மூடுவதும் நேர்கின்றன. ஒரு கல் தலைகீழாக வைக்கப்பட்டாலே ஒரு கொடையின் பாதி வாசகம் என்றென்றைக்கும் இழக்கப்படலாம்.

1997இல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாகவும் 2021இல் மாநகராட்சியாகவும் உயர்ந்த காஞ்சிபுரம், தொழிற்சாலைகளும் சென்னையின் விரிவும் நெருங்கிவரும் பகுதியில் இருக்கிறது. இச்சூழலில் நகரக் கோயில்களை மட்டும் தனித்துப் பேணுவது போதாது. கூரத்தின் கற்றளியோடு அதற்கு நீர் தந்த கால்வாயின் தடத்தையும், உத்திரமேரூர் மண்டபத்தோடு வயிரமேகத் தடாகத்தையும், உலகளந்த பெருமாள் கோயிலோடு நெசவுத் தெருக்களையும் சேர்த்தே வரலாற்றுச் சின்னங்களாகக் கணக்கிட்டு, அவற்றின் வரைபடத்தையும் கல்வெட்டு வாசகங்களையும் அந்தந்த ஊர்ப் பள்ளிகளிலும் ஊராட்சிகளிலும் மக்கள் படிக்கும் தமிழில் வைக்கவேண்டும். இக்கற்களில் எழுதியவர்கள் வருங்காலத்தாரிடம் கேட்டுக்கொண்டது புகழுரை அன்று. கொடுத்த நீரும் நெல்லும் விளக்கும் கல்வியும் குறையாமல் நடக்கவேண்டும் என்பதே. தண்ணீர்ப் பற்றாக்குறையும் பொதுப்பணத்தின் கணக்கும் இன்றும் ஊர்களின் முதற்கவலைகளாக இருக்கும்போது, அந்த வேண்டுகோள் எவ்வகையிலும் பழையது ஆகிவிடவில்லை.